சாசேஜ் வெந்துவிட்டதா? நிறத்தை மட்டும் நம்பாதீர்கள்

ஜார்ஜ்டவுனில் மாலையானால் லோக்-லோக் கடையைச் சுற்றி நின்று, குச்சியில் குத்திய சாசேஜைக் கொதிநீரில் முக்கிச் சாப்பிடுவது பலருக்கும் பழக்கம். எவ்வளவு நேரம் முக்குவது என்பதை அங்கே வாடிக்கையாளரே முடிவு செய்கிறார். பிள்ளைகள் விரும்பும் இந்தப் பண்டம் வெந்துவிட்டதை எப்படி அறிவது?

முழு இறைச்சித் துண்டில் கிருமிகள் பெரும்பாலும் மேற்பரப்பில்தான் இருக்கும். சாசேஜ் அரைத்த இறைச்சி என்பதால் அவை உள்ளேயும் கலந்துவிடுகின்றன. எனவே, நடுப்பகுதி வரை சூடு ஏற வேண்டும். கோழி சாசேஜுக்கு 74 பாகை செல்சியஸ், மாடு, ஆடு, பன்றி சாசேஜுக்கு 71 பாகை என்பது அமெரிக்க வேளாண் துறை பரிந்துரைக்கும் அளவு. சமையல் வெப்பமானியை முனை வழியாக நடுப்பகுதி வரை செருகிப் பார்க்க வேண்டும்.

நிறம் ஏமாற்றும். நைட்ரைட் சேர்த்த சாசேஜ் நன்றாக வெந்த பிறகும் இளஞ்சிவப்பாகவே இருக்கும். அதிகத் தீயில் பொரித்தால் தோல் கருகியும் உள்ளே வேகாமல் இருக்கலாம்.

வெப்பமானி இல்லையா? பச்சை சாசேஜை முதலில் மெல்லிய கொதியில் வேகவைத்து, பிறகு பொரியுங்கள். தடித்த ஒன்றை வெட்டினால் நடுவில் ஆவி பறக்க வேண்டும். பச்சை மாவுபோல் கொழகொழப்பு இருக்கக்கூடாது. வெப்பமானி அளவுக்கு இது உறுதியானதல்ல. சந்தேகம் இருந்தால் மேலும் சிறிது நேரம் வேகவிடுங்கள்.

கடையில் உறைநிலையில் கிடைக்கும் சாசேஜ்களில் பல முன்பே வேகவைக்கப்பட்டவை. பாக்கெட்டில் உள்ள குறிப்பைப் படியுங்கள். அவற்றையும் ஆவி பறக்கச் சூடாக்குவதே நல்லது, குறிப்பாகக் கர்ப்பிணிகளுக்கும் முதியோருக்கும். லிஸ்டீரியா கிருமி குளிர்பெட்டியிலும் வளரும். 2017-18இல் தென்னாப்பிரிக்காவில் பதப்படுத்திய இறைச்சி வழியே அது பரவி, 200க்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

சூடாக்கினாலும் தீராத ஆபத்தும் உண்டு. 2022 தொடக்கத்தில் அண்டை நாடான தாய்லாந்தில், நைட்ரைட் மிகுந்த சாசேஜ் சாப்பிட்ட குழந்தைகள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். நைட்ரைட் வேகவைப்பதால் அகலாது. எனவே, தயாரிப்பாளர் பெயரும் காலாவதித் தேதியும் இல்லாத மலிவுப் பாக்கெட்டுகளைத் தவிர்ப்பீர்.

லோக்-லோக் கடையில் நீர் தளதளவெனக் கொதிக்கும்போது முக்குங்கள். பச்சைக் குச்சி வைத்த தட்டில் வெந்ததை வைக்காதீர்கள். சமைத்ததை 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே விடாதீர்கள். நம் வெப்பத்தில் கிருமி வேகமாகப் பெருகும்.