முந்நூறு ஆண்டு நிழலும் ஒரு புரதமும்

ஜப்பானின் நிக்கோவில் சாலையின் இருமருங்கும் நிற்கும் சுகி மரங்கள் 17ஆம் நூற்றாண்டில் நட்டவை. (ஆங்கிலத்தில் சிடார் என்றாலும் இது தேவதாரு அல்ல; சைப்ரஸ் குடும்பத்து மரம்.) சுகி மகரந்தம் தும்மலையும் கண் அரிப்பையும் தருகிறது என்று மருத்துவ இதழில் பதிவானதோ 1964இல், அதே நிக்கோவிலிருந்து. இடைப்பட்ட முந்நூறு ஆண்டும் மரம் சும்மாவா இருந்தது? இரண்டாம் உலகப் போருக்குப் பின் மொட்டையான மலைகளெங்கும் அரசு சுகியை நடவைத்தது, இறக்குமதி மரம் மலிவானதும் அதை வெட்டுவாரில்லை, முதிர்ந்த காடு மகரந்தத்தைக் கொட்டியது என்பதே வழக்கமான விடை. ஆனால் சுகி ஏராளமாய்ப் பூக்க 25, 30 ஆண்டுகள் ஆகும். 1964இல் அந்தக் கன்றுகளில் பெரும்பாலானவை பூக்கும் பருவத்தையே எட்டவில்லை. நோய் பரவியதற்குக் காடு காரணம்; நோய் கண்ணில் பட்டதற்குத் தோல் சோதனையோடு தேடிய மருத்துவர்களே காரணம்.

அந்தத் தேடலை முழுமையாக்கியது புரதப் பிரிப்பு. ஒவ்வாமைக்குக் காரணமான ஐஜிஇ எதிர்ப்பொருளை இஷிசாகா தம்பதியர் 1966இல் இனங்கண்டதும், நோயாளியின் சீரமே சோதனைக் கருவியாயிற்று. மகரந்தத்தைக் கரைசலில் ஊறவைத்தால் எத்தனையோ புரதங்கள் கசியும். அவற்றை மின்னூட்ட வேறுபாட்டால் பிரித்து, எந்தப் பங்கோடு ஐஜிஇ ஒட்டுகிறது என்று பார்க்க வேண்டும். 1983இல் யசுயெடா குழுவினர் இவ்வாறு பிரித்தெடுத்ததைக் காரத்தன்மை கருதிச் 'சுகி காரப் புரதம்' என்றனர். இன்று அதன் பெயர் கிரை ஜே 1. செல்சுவரின் பெக்டினைக் கரைக்கும் நொதி அது. மரத்துக்கு இனப்பெருக்கக் கருவி, மனிதனுக்கு மூக்கடைப்பு!

ஆய்வகத்தில் பெயர் சூட்டினால் தும்மல் கூடுமா என்று கேட்கலாம். கூடாதுதான். காது மூக்கு தொண்டை மருத்துவர்களையும் அவர்கள் குடும்பத்தாரையும் கேட்டறிந்த ஆய்வுகளில் சுகி ஒவ்வாமை 1998இல் 16.2 சதவீதம், 2008இல் 26.5, 2019இல் 38.8. மருத்துவர் வீடுகளில் நோய் எளிதில் கண்டறியப்படும் என்று கழித்துக்கொண்டாலும் இந்த ஏற்றம் மெய். ஆயினும் சுகி ஓய்ந்தபின் ஹினோகி மரம் பூக்கும் நாள்களிலும் அதே நோயாளிகள் தும்முவதேன்? இரண்டின் முதன்மைப் புரதங்களும் அமைப்பில் மிக நெருங்கியவை. காட்டுக் கணக்கு மட்டும் இருந்திருந்தால் இதை இரண்டு நோயாக எண்ணியிருப்பார்கள். நோயைத் தணிக்கும் ஒரு வழியும் மரத்திலேயே இருந்தது: மகரந்தமே உதிர்க்காத சுகி 1992இல் ஜப்பானின் தோயாமாவில் கிடைத்தது. அதன் வழிவந்த கன்றுகளை இப்போது நடுகிறார்கள்.