சித்தூர் – திருப்பதி: மேட்டு நிலமும் கடற்கரையும், அண்டை மாவட்டங்களின் இயற்கை அமைப்பு ஓர் ஒப்பீடு

ஆந்திரப் பிரதேசத்தில் 2022ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் தேதி மாவட்டங்கள் மறுசீரமைக்கப்பட்டபோது, பழைய சித்தூர் மாவட்டத்தின் கிழக்குப் பகுதியும் நெல்லூர் மாவட்டத்தின் தென்பகுதியும் இணைக்கப்பட்டுத் திருப்பதி மாவட்டம் உருவானது. அன்றைய அரசுக் கணக்கின்படி திருப்பதியின் பரப்பு 8,231 சதுர கிலோமீட்டர். சித்தூரின் பரப்பு 6,855 சதுர கிலோமீட்டர். இக்கட்டுரை அந்தப் பிரிப்பையே அடிப்படையாகக் கொள்கிறது.

நிர்வாக வசதிக்காக வரையப்பட்ட கோடுதான் அது. ஆயினும் நில அமைப்பில் ஏற்கெனவே இருந்த ஒரு வேறுபாட்டை அது ஏறத்தாழ ஒட்டியே செல்கிறது. மேற்கே கர்நாடக எல்லையில் மைசூர் பீடபூமியின் விளிம்பாகத் தொடங்கும் நிலம், கிழக்கே வங்கக் கடல் வரை படிப்படியாகத் தாழ்கிறது. மேல்படி பெரும்பாலும் சித்தூருக்கும், கீழ்ப்படி திருப்பதிக்கும் சென்றன. இந்தச் சரிவிலிருந்து இறங்கும் நீரின் பெரும்பகுதி தமிழ்நாட்டுக்குள் வருவதால், வேலூர் முதல் சென்னை வரை உள்ளவர்களுக்கும் இந்த நிலவியல் தொலைவான செய்தி அன்று.

சித்தூர்: பீடபூமியின் விளிம்பு

பெங்களூரிலிருந்து சித்தூருக்குச் சாலை வழியாக வருவோர் பலமநேரைக் கடந்ததும் மொகிலி மலைப்பாதையில் இறங்குகின்றனர். பலமநேர், குப்பம், புங்கனூர் ஆகியவை பீடபூமியின் மேல் அமைந்தவை. பலமநேர் கடல் மட்டத்திலிருந்து 700 மீட்டருக்குச் சற்றே குறைந்த உயரத்தில் உள்ளது. சித்தூர் நகரம் அதில் பாதி உயரத்தில், குன்றுகளுக்கு இடையே இருக்கிறது. மாவட்டத்துக்குக் கடற்கரை இல்லை.

அடித்தளம் பெரும்பாலும் பழமையான கருங்கல் பாறை. மழைநீர் பாறை வெடிப்புகளில் மட்டுமே ஓரளவு தங்கும். ஏரிகளும் ஆழ்துளைக் கிணறுகளுமே இங்கு வேளாண்மையின் ஆதாரம். சிவந்த மேட்டு நிலத்துக்கு ஏற்றவாறு மாமரமும் தக்காளியும் பட்டுப்புழு வளர்ப்புக்கான மல்பெரியும் பெருகின. பழச்சாற்றுத் தொழிற்சாலைகளுக்குச் செல்லும் தோத்தாபுரி என்னும் கிளிமூக்கு மாம்பழம் இந்த மண்ணின் முக்கிய விளைபொருள்.

தென்மேற்கில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி கவுண்டின்யா வனவிலங்குச் சரணாலயம் உள்ளது. நெடுங்காலம் யானைகளே இல்லாதிருந்த இக்காடுகளுக்கு 1980களில் தமிழ்நாடு, கர்நாடக வனங்களிலிருந்து யானைக் கூட்டங்கள் வந்து சேர்ந்ததைத் தொடர்ந்து, 1990இல் சரணாலயம் அறிவிக்கப்பட்டது.

திருப்பதி: மலை முதல் உவர்நீர் ஏரி வரை

திருப்பதி மாவட்டத்தின் நில வேறுபாடுகள் மிக அதிகம். பண்டைத் தமிழகத்தின் வட எல்லையாகக் கூறப்பட்ட வேங்கட மலை, கிழக்குத் தொடர்ச்சி மலையின் பகுதியான சேஷாசலத்தில் அடங்கும். திருமலைப் பாதையில் பழமையான கருங்கல்லின் மேல் நகரிக் குவார்ட்சைட் எனப்படும் பாறை அடுக்கு படிந்திருப்பதைக் காணலாம். இவ்விரு பாறைகளுக்கும் இடையே 50 கோடி ஆண்டுகளுக்குக் குறையாத கால இடைவெளி இருப்பதாக மதிப்பிடப்படுகிறது. இந்திய நிலவியல் ஆய்வுத் துறை இவ்விடத்தைத் தேசிய நிலவியல் நினைவுச் சின்னமாக அறிவித்துள்ளது. மலையேறும் பல்லாயிரம் பேரில் இதைக் கவனிப்பவர் மிகச் சிலரே.

சேஷாசலக் காடுகள் 2010இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டன. செம்மரத்தின் இயற்கை வாழிடம் இம்மலைகளும் இவற்றை ஒட்டிய பகுதிகளுமே. உலகில் வேறெங்கும் அது காடாக வளர்வதில்லை. தலக்கோனா அருவியும் இவ்வனத்திலேயே உள்ளது.

ஸ்ரீகாளஹஸ்தியைத் தாண்டினால் காட்சி மாறுகிறது. சமவெளி, நெல்வயல், பிறகு சூளூர்பேட்டை அருகே பழவேற்காடு ஏரி. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியான இதன் பெரும்பகுதி ஆந்திர எல்லைக்குள் இருக்கிறது. ஏரிக்கும் கடலுக்கும் இடையே நீண்டு கிடக்கும் மணல் தீவுதான் ஸ்ரீஹரிகோட்டா. கிழக்கே திறந்த கடல் இருப்பதால், ராக்கெட்டின் கழன்று விழும் பாகங்கள் மக்கள் வாழும் இடங்களில் விழாது. பிரிக்கப்படாத சித்தூர் மாவட்டத்துக்கும் கடல் இருந்ததில்லை. திருப்பதிக்குக் கடற்கரை நெல்லூரிடமிருந்தே கிடைத்தது.

மழையும் வெள்ளமும்

பீடபூமிப் பகுதி தென்மேற்குப் பருவமழையில் கணிசமான பங்கைப் பெறுகிறது. கடலோரப் பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையையே பெரிதும் நம்பியுள்ளது. கடலிலிருந்து வரும் ஈரக்காற்று சேஷாசலத்தில் மோதும்போது மலையடிவாரத்தில் குறுகிய நேரத்தில் பெருமழை கொட்டும். 2021 நவம்பரில் இதுவே நேர்ந்தது. திருமலை மலைப்பாதையில் மண்சரிவு ஏற்பட்டது, சுவர்ணமுகி கரைபுரண்டது, ராயலசெருவு ஏரிக்கரையில் கசிவு கண்டதும் சுற்றுக் கிராம மக்கள் வெளியேற்றப்பட்டனர்.

ஆறுகள் செல்லும் திசை

சுவர்ணமுகி பாகாலா அருகேயுள்ள குன்றுகளில் தோன்றி, திருப்பதி, ஸ்ரீகாளஹஸ்தி வழியாக வங்கக் கடலை அடைகிறது. தோற்றமும் முடிவும் திருப்பதி மாவட்டத்துக்கு உள்ளேயே அமைந்த ஆறு இது.

சித்தூரின் நிலை வேறு. கர்நாடகத்தில் தோன்றும் பாலாறு குப்பம் பகுதியில் சுமார் 33 கிலோமீட்டர் ஓடிவிட்டுத் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. கவுண்டின்யா ஆறு குடியாத்தம் நோக்கி இறங்குகிறது. சித்தூர் நகரை ஒட்டி ஓடும் நீவா, எல்லை தாண்டியதும் பொன்னை ஆறாகிப் பாலாற்றில் கலக்கிறது. மழை குறைந்த மேட்டு நிலத்தில், ஓடும் நீரைத் தேக்க வேண்டும் என்பது மேலே இருப்பவர்களின் தேவை. தேக்கினால் ஆறு வறண்டுவிடும் என்பது கீழே இருப்பவர்களின் அச்சம். பாலாற்றின் குறுக்கே குப்பம் பகுதியில் அணை கட்டும் திட்டத்தை எதிர்த்துத் தமிழ்நாடு அரசு 2006இல் உச்ச நீதிமன்றத்தை நாடியது. தடுப்பணைகளின் உயரம் குறித்த சர்ச்சை அதன் பிறகும் எழுந்தது.

கிருஷ்ணா நதி நீர் இரு மாவட்டங்களுக்கும் வந்து சேரும் விதத்திலும் இதே மேடு பள்ளம் தெரிகிறது. ஸ்ரீசைலத்திலிருந்து புறப்படும் தெலுங்கு கங்கை நீர், கண்டலேறு அணையிலிருந்து சரிவான கால்வாயில் திருப்பதி மாவட்டத்தைக் கடந்து, ஊத்துக்கோட்டை வழியாகச் சென்னையின் பூண்டி ஏரிக்கு வருகிறது. அதே ஸ்ரீசைலத்து நீரைக் குப்பத்துக்குக் கொண்டு சேர்க்க வேண்டுமானால், ஹந்திரி–நீவா திட்டத்தில் நிலையம் நிலையமாக மின்விசைப் பம்புகளால் ஏற்ற வேண்டியிருக்கிறது.

மழைக்காலத்தில் ஆந்திர அணை திறப்பு என்ற செய்தி வரும்போது, எந்த அணை என்பதைப் பார்ப்பது அவசியம். சித்தூர் மாவட்டத்தின் கலவகுண்டா அணை திறந்தால் நீர் பொன்னை ஆற்றில் வரும். வேலூர், ராணிப்பேட்டை மாவட்டக் கரையோர ஊர்கள் எச்சரிக்கப்படும். அதே மாவட்டத்தின் கிருஷ்ணாபுரம் அணை திறந்தால் பள்ளிப்பட்டு வழியாகக் கொசஸ்தலை ஆற்றில் வெள்ளம் வந்து பூண்டியை அடையும். திருப்பதி மாவட்டத்தின் பிச்சாட்டூர் அணை திறந்தால் ஆரணி ஆறு பெருகும். ஊத்துக்கோட்டையைக் கடந்து பழவேற்காடு வரை அதன் கரையில் வசிப்போருக்கே அந்த அறிவிப்பு.