எண்ணுதலும் மதிப்பிடுதலும்: சதுரங்க இயந்திரத்தின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

'எண்ணுதல்' என்ற சொல்லுக்கு நினைத்தல் என்றும் பொருள், ஒன்று இரண்டு என்று கணக்கிடுதல் என்றும் பொருள். சதுரங்கம் ஆடும் கணிப்பொறியின் வரலாற்றை எழுதியவர்கள் பெரும்பாலும் இரண்டாவது பொருளைப் பிடித்துக்கொண்டே எழுதியிருக்கிறார்கள். முதலில் நொடிக்குச் சில நிலைகள், பிறகு ஆயிரங்கள், பிறகு கோடிகள். வேகம் கூடக்கூட மனிதன் தோற்றான், கதை முடிந்தது. இந்தக் கதையில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் முக்கியமான ஒன்று இதில் விடுபட்டுப்போகிறது என்பதே என் வாதம். எண்ணி முடியாத இடத்தில் இயந்திரம் என்ன செய்கிறது? சிக்கலான ஒரு நிலையில், கணக்கு நின்றுபோகும் விளிம்பில், 'இது நல்லது, அது கெட்டது' என்று சொல்வது யார்?

கணக்கு நின்றுபோகத்தான் செய்யும். அமெரிக்கக் கணிதவியலாளர் கிளாட் ஷானன் 1950-இல் வெளியிட்ட கட்டுரையில் இதைக் காட்டிவிட்டார். ஒரு சராசரி நிலையில் ஆடத்தக்க நகர்த்தல்கள் சுமார் 30. வெள்ளை ஒன்று, கறுப்பு ஒன்று என்று ஒரு சுற்று ஆடினால் ஏறத்தாழ ஆயிரம் வழிகள். 40 சுற்று ஆட்டம் என்றால், 1-க்குப் பின்னால் 120 சுழி போட்ட அளவுக்கு வழிகள். எந்த இயந்திரமும் இதன் கடைசிவரை போய்ப் பார்த்துவிட்டு வர முடியாது. எங்கோ ஓரிடத்தில் நின்றாக வேண்டும்; நின்ற இடத்தில் அந்த நிலைக்கு ஒரு எண்ணைப் போட்டாக வேண்டும். பிறகு அந்த எண்கள் கிளைகள் வழியே பின்னோக்கி வருகின்றன. என் முறையில் எனக்கு மிக நல்லதைத் தேர்கிறேன். எதிராளி தன் முறையில் எனக்கு மிகக் கெட்டதைத் தேர்வான். எதிராளி முட்டாளில்லை என்ற அனுமானம்தான் இந்த முறையின் அடிப்படை.

அந்த எண் எங்கிருந்து வருகிறது? ஷானன் ராணிக்கு 9, யானைக்கு 5, மந்திரிக்கும் குதிரைக்கும் ஆளுக்கு 3, சிப்பாய்க்கு 1 என்று போட்டார். அதே காலத்தில் இங்கிலாந்தில் ஆலன் டூரிங் ராணிக்கு 10, மந்திரிக்கு மூன்றரை என்று போட்டார். மந்திரிக்குக் கூடுதலாகக் கிடைத்த அந்த அரை, இயற்கை விதி ஒன்றிலிருந்தும் வரவில்லை. தலைமுறை தலைமுறையாக ஆடியவர்களின் பட்டறிவு அது. ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும். 'என்னமோ தோணுச்சு, வச்சேன்' என்று ஓர் ஆட்டக்காரர் சொல்லும்போது அந்தத் 'தோணுச்சு'வுக்குள் அடங்கியிருப்பதைத்தான் இவர்கள் எண்களாக வெளியே எடுத்துவைத்தார்கள். 1952-இல் டூரிங் தன் நிரலைத் தாளில் வைத்துக்கொண்டு, தானே இயந்திரமாக உட்கார்ந்து அலிக் கிளென்னியோடு ஆடினார். நிரல் 29-ஆவது நகர்த்தலில் தோற்றது. ஆனால் அந்த நிரலில் அவர் எழுதிய ஒரு விதி முக்கியமானது: வெட்டும் எதிர்வெட்டும் நடந்துகொண்டிருக்கையில் மதிப்புப் போடாதே, அது ஓயட்டும். தராசுத் தட்டு ஆடிக்கொண்டிருக்கும்போது எடை பார்க்கக் கூடாதல்லவா?

ஷானன் இரண்டு வழிகளைச் சொல்லியிருந்தார். ஒன்று, எல்லா நகர்த்தலையும் குறிப்பிட்ட ஆழம்வரை விடாமல் பார்ப்பது. மற்றது, மனிதரைப்போல் 'உருப்படியான' சிலவற்றை மட்டும் பொறுக்கி அவற்றை ஆழமாகப் பார்ப்பது. இரண்டாவதுதான் அறிவுக்கு நெருக்கமானது என்று பலரும் நம்பினார்கள். 1966-67-இல் பனிப்போருக்கு நடுவே ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் நிரலும் மாஸ்கோவின் ஐ.டி.இ.பி. ஆய்வு நிறுவனத்தின் நிரலும் தந்தி வழியே நான்கு ஆட்டங்கள் ஆடின. அமெரிக்க நிரல் பொறுக்கிப் பார்த்தது. சோவியத் நிரல் எல்லாவற்றையும் பார்த்தது. சோவியத் நிரல் 3-1 என்று வென்றது. காரணம் எளிது. சிக்கலான நிலைகளில் தப்பிக்கும் வழி பல சமயம் கிறுக்குத்தனமாகத் தோன்றும் நகர்த்தலாகவே இருக்கிறது. பொறுக்குகிறவன் அதைத்தான் முதலில் தூக்கி எறிகிறான்.

எல்லாவற்றையும் பார்ப்பது என்றாலும் வீணாகப் பார்க்க வேண்டியதில்லை. 'ஆல்ஃபா-பீட்டா' என்ற உத்தி 1950-களிலேயே உருவாகிவிட்டது. வாடகைக்கு வீடு தேடுபவன் ஒரு வீட்டின் கூரை ஒழுகுகிறது என்று கண்டபின் எத்தனை இடத்தில் ஒழுகுகிறது என்று எண்ணிக்கொண்டிருக்க மாட்டான். அடுத்த வீட்டுக்குப் போய்விடுவான். அவ்வளவுதான் விஷயம். கையில் இருப்பதைவிட மோசம் என்று தெரிந்த கிளையை அதோடு விட்டுவிடலாம். இதனால் முடிவு மாறாது.

ஆனாலும் விளிம்பு விளிம்புதான். 1973-இல் ஹான்ஸ் பெர்லினர் இயந்திரங்களின் ஒரு வினோத நோய்க்கு 'தொடுவான விளைவு' என்று பெயர் வைத்தார். ராணி போகப்போகிறது, தடுக்க வழியில்லை என்ற நிலையில் இயந்திரம் ஒரு சிப்பாயைக் கொடுக்கும், பிறகு இன்னொன்றைக் கொடுக்கும். ஒவ்வொன்றும் அந்த இழப்பைப் பார்வை எட்டாத தூரத்துக்குத் தள்ளிப்போடுகிறது. எட்டாதது அதற்கு இல்லாதது. அசலைக் கட்ட வழியில்லாதவன் வட்டிக்கு மேல் வட்டி கட்டித் தவணை வாங்கிவிட்டு, கடனே தீர்ந்ததுபோல் நிம்மதியாகத் தூங்குவதைப் போன்றது இது. எவ்வளவு வேகமாக எண்ணினாலும் தொடுவானம் தள்ளிப்போகுமே தவிர, மறைந்துபோகாது.

இந்தப் பின்னணியில்தான் 1997-ஐ வாசிக்க வேண்டும். முந்தைய ஆண்டு ஃபிலடெல்ஃபியாவில் 4-2 என்று தோற்ற ஐ.பி.எம்.-இன் டீப் புளூ, 1997 மே மாதம் நியூயார்க்கில் காஸ்பரோவை மீண்டும் எதிர்கொண்டது. 480 சதுரங்கச் சில்லுகள், நொடிக்குச் சுமார் 20 கோடி நிலைகள். செய்தித்தாள்கள் இந்த எண்ணைத்தான் திரும்பத் திரும்ப அச்சடித்தன. அதிகம் பேசப்படாத இன்னொரு எண் உண்டு: அதன் மதிப்பீட்டில் இருந்த கூறுகள் சுமார் 8,000. ராஜாவின் பாதுகாப்பு, சிப்பாய்களின் அமைப்பு, திறந்த வரிசையில் நிற்கும் யானை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு எடை. அந்த எடைகளைச் சீர்செய்வதில் ஜோயல் பெஞ்சமின் என்ற கிராண்ட்மாஸ்டரின் உழைப்பும் இருந்தது.

இரண்டாவது ஆட்டத்தின் 36-ஆவது நகர்த்தல். ராணியை உள்ளே இறக்கினால் டீப் புளூவுக்குச் சிப்பாய் லாபம். இயந்திரம் என்றால் லாபத்தின் மீது பாயும் என்று காஸ்பரோவ் எதிர்பார்த்தார். ஆனால் ஆழம் கூடக்கூட அந்த நகர்த்தலின் மதிப்பு இறங்கியது. இப்படி இறங்கும்போது வழக்கமான நேரத்தைத் தாண்டி யோசிக்கும்படி டீப் புளூவில் ஓர் ஏற்பாடு இருந்தது. அது லாபத்தை விட்டுவிட்டு ஓரத்துச் சிப்பாயை மாற்றிக்கொண்டது. அடுத்து மந்திரியை நடுப்பலகையில் நிறுத்தி எதிர்த்தாக்குதலின் வாசலை அடைத்தது. காஸ்பரோவ் தோல்வியை ஒப்புக்கொண்டார். டிராவுக்கு வழி இருந்தது என்று மறுநாள் அவருடைய குழுவினரே அவருக்குச் சொன்னார்கள். இது இயந்திரம் ஆடியதுதானா என்ற சந்தேகம் அவரை விடவில்லை. 1986-இல் மரடோனா போட்ட 'கடவுளின் கை' கோலை அவர் உவமையாகச் சொன்னார். போட்டி 3½-2½ என்று முடிந்தது.

திரைக்குப் பின்னால் அந்த நேரத்தில் ஒரு மனிதர் காய் நகர்த்தினார் என்பதற்கு ஆதாரம் எதுவும் வரவில்லை. ஆனால் காஸ்பரோவ் உணர்ந்த மனிதக் கை கற்பனை என்று நான் நினைக்கவில்லை. அவர் அதை இடம் மாற்றித் தேடினார். ஆட்ட நேரத்தில் அவர் தேடிய அந்தக் கை, மாதக்கணக்கில் முன்னதாகவே 8,000 கூறுகளுக்கு எடை போட்டு முடித்துவிட்டது. ஆறாவது ஆட்டத்தின் எட்டாவது நகர்த்தலில் அவரை நிலைகுலையச் செய்த குதிரைப் பலிகூட இயந்திரம் தேடிக் கண்டுபிடித்ததல்ல. மனிதர்கள் தயாரித்துக் கொடுத்த தொடக்க ஆட்ட ஏட்டில் இருந்தது. 'மனிதன் எதிர் இயந்திரம்' என்ற சொல்லாடல் இதை மறைத்துவிட்டது. மேடையில் இருந்தது ஒரு மனிதரும், பல மனிதர்களின் உறைந்த தீர்ப்பும்.

இருபது ஆண்டு கழித்து அந்த மனிதர்களும் வெளியேறினார்கள். 2017 டிசம்பரில் டீப்மைண்ட் நிறுவனம் ஆல்ஃபாசீரோவை அறிவித்தது. அதற்கு ஆட்டத்தின் விதிகள் மட்டுமே சொல்லிக்கொடுக்கப்பட்டன. ராணிக்கு 9-ஆ 10-ஆ என்று யாரும் சொல்லவில்லை. தன்னோடு தானே ஆடி அது மதிப்பைக் கற்றுக்கொண்டது. ஸ்டாக்ஃபிஷ் நொடிக்குச் சுமார் 7 கோடி நிலைகளைப் பார்க்க, இது சுமார் 80,000 மட்டுமே பார்த்தது. 100 ஆட்டங்களில் 28 வெற்றி, 72 டிரா, தோல்வி இல்லை. போட்டியின் நிபந்தனைகள் நியாயமானவையா என்ற விமர்சனம் எழுந்தது உண்மை. ஆனால் 2020-இல் ஸ்டாக்ஃபிஷும் நரம்பு வலைப்பின்னல் வழியான மதிப்பீட்டைச் சேர்த்துக்கொண்டது. எண்ணிக்கையின் கதையாக மட்டும் இந்த வரலாற்றைச் சொன்னவர்கள் இங்கே திகைக்கத்தான் வேண்டும்: குறைவாக எண்ணியது வென்றிருக்கிறது.

இதைக் கொண்டாடலாம். ஆனால் ஒன்று கைவிட்டுப் போயிருக்கிறது. ஷானனின் பட்டியலோடு சண்டை போட முடியும். 'மந்திரிக்கு 3 பத்தாதுங்க, மூன்றரை போடுங்க' என்று கேட்க முடியும். டீப் புளூவின் எடைகளைப் பற்றி, அவற்றைப் போட்டவரிடமே வாதாட முடியும். கோடிக்கணக்கான எண்களாகச் சிதறிக் கிடக்கும் மதிப்பீட்டிடம் யார் போய் என்ன கேட்பது? 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷ் உலக வாகையர் ஆன கடைசி ஆட்டத்தில், டிங் லிரென் 55-ஆவது நகர்த்தலில் யானையைத் தவறான கட்டத்தில் வைத்ததும் நேரலைத் திரையின் ஓரத்துப் பட்டை சட்டென்று சாய்ந்தது. அங்கே காரணம் சொல்ல முடிந்தது: யானைகள் மாறும், பிறகு மந்திரிகள் மாறும், மிச்சமிருக்கும் சிப்பாய் ஆட்டம் தோல்வி. ஆனால் சிக்கலான நடு ஆட்டத்தில் பட்டை 0.7 என்று காட்டும்போது பல சமயம் வர்ணனையாளருக்கும் காரணம் தெரிவதில்லை. இருந்தும் அதற்கேற்பப் பேசுகிறார். எண் முதலில் வருகிறது; காரணம் பின்னால் தைக்கப்படுகிறது.

பலகையில் இதனால் பெரிய நஷ்டம் இல்லை. இயந்திரம் தப்பாகச் சொன்னால் அடுத்த ஆட்டம் இருக்கிறது. ஆனால் யாருக்குக் கடன் கொடுக்கலாம், எந்த விண்ணப்பத்தை ஒதுக்கலாம் என்பதற்கும் இதுபோன்ற எண்கள் போடப்படும் காலம் இது. 'மதிப்பு' என்ற சொல்லில் விலை, மரியாதை இரண்டும் இருக்கின்றன; மதிப்பெண் வாங்கித் தோற்ற எந்தப் பிள்ளைக்கும் இது தெரியும். விடைத்தாளைக் காட்டுங்கள் என்று கேட்கும் உரிமை அந்தப் பிள்ளைக்காவது உண்டு. இயந்திரம் சிந்திக்கிறதா என்ற பழைய கேள்வியை அறிஞர்கள் விவாதித்துக்கொண்டிருக்கட்டும். எனக்கு அவசரமாகப் படுவது வேறு. எண்ணி முடியாத இடத்தில் போடப்படும் எண்ணுக்கு, கேட்டால் காரணம் சொல்லக் கடமைப்பட்ட ஓர் ஆள் இருக்கிறாரா இல்லையா?