ஏட்டில் ஏறிய வாதமும் ஏறாத மறுப்பும்

கல்முனைக் கரையோரத்து மாணவர் ஒருவர் தம் ஊர்ச் சமூகத்தைப் பற்றிய ஆய்வுக் கட்டுரைகளைத் தேடப் புகுகிறார் என்று கொள்வோம். நூலகத்துக் கணினியின் முன் அமர்ந்து, ‘அம்பாறை முஸ்லிம்கள்’ என ஆங்கிலத்தில் எழுதுகிறார். வருவன பெரும்பாலும் அண்மைக் காலத்தவை. நம்மைப் பற்றிப் பழைய எழுத்தே இல்லைப் போலும் என்று அவர் எழுந்து போவாராயின், அது அவர் குற்றமன்று. தேடுவதற்கும் சரித்திர அறிவு வேண்டும் என்பதை நாம் அவருக்குக் கற்பிக்கவில்லை.

அம்பாறை மாவட்டம் மட்டக்களப்பிலிருந்து பிரிக்கப்பட்டது 1961 இல். அதற்கு முன் எழுதியவர்களுக்கு நாம் மட்டக்களப்பார். நாட்டின் பெயரோ 1972 வரை ‘சிலோன்’. நம் மக்களுக்குப் போர்த்துக்கேயர் இட்ட பெயரை ஆங்கிலேயர் ‘மூர்’ என வழங்கினர். ‘முகமதியர்’ என்றும் எழுதினர். அக்கரைப்பற்றில் ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே, அவ்வூர் இல்லங்களையும் சீதன முறையையும் பற்றி 1989 இல் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பில் ‘மூர்’ என்றார்; 2008 இல் வந்த அவரது நூலின் தலைப்பிலோ ‘முஸ்லிம்’ என்ற சொல் நிற்கிறது. அறிஞர் ஒருவரே, கரையும் ஒன்றே. பெயர் மட்டும் மாறியது. இரு சொல்லையும் இட்டு, இடையே ‘அல்லது’ எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லை வைத்துத் தேடுபவருக்கே இரண்டும் ஒருங்கே அகப்படும்.

ஆனால், சரியான சொல்லை அறிந்துவிட்டால் உண்மை முழுவதும் கைக்கு வந்துவிடுமா? வராது. இதற்கு நம் சரித்திரமே சான்று.

1888 ஆம் ஆண்டு பொன்னம்பலம் இராமநாதன், றோயல் ஆசியச் சங்கத்தின் இலங்கைக் கிளையில், இலங்கைச் சோனகரின் இனவியல் பற்றி ஒரு கட்டுரை வாசித்தார். மொழியையும் வழக்கங்களையும் உடற்தோற்றத்தையும் காட்டி, சோனகர் இனத்தால் தமிழரே என்று அவர் வாதிட்டார். அன்று அவர் சட்டநிரூபண சபையில் தமிழர் பிரதிநிதி. சோனகருக்குத் தனிப் பிரதிநிதி வேண்டுமா என்பது அக்காலத்து வினா. அடுத்த ஆண்டு, 1889 இல், எம். சி. அப்துல் ரகுமான் அச்சபைக்கு நியமனம் பெற்றார். ஆகவே அக்கட்டுரையை வெறும் கல்வி வாதமாக நாம் கொள்ள இயலாது. ஓர் ஆசனத்தின் நிழல் அதன்மேல் விழுந்திருந்தது.

ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் இதற்கு எழுதிய மறுப்பு 1907 இல் தனி நூலாக வெளிவந்தது. இங்கேதான் தேடுவோர் விழித்திருக்க வேண்டும். இராமநாதனின் கட்டுரை ஓர் ஆய்வுச் சஞ்சிகையில் அச்சானது. சஞ்சிகைக் கட்டுரைகளைத் திரட்டும் தளங்களில் அதற்கு இடமுண்டு. தனி நூலாய் வந்த மறுப்பு அவ்வலையில் சிக்குவதில்லை. நூற்பட்டியலைத் தனியே புரட்டியோ, பின்வந்தோரின் அடிக்குறிப்பைப் பின்தொடர்ந்தோ தான் அதை அடையவேண்டும். வாதத்தை மட்டும் கண்டு மறுப்பைக் காணாத மாணவர், ஒரு பக்கச் சாட்சியை மட்டும் கேட்ட நீதிபதியாவார்.

இன்னொன்றும் உண்டு. அவ்விருவரும் ஆங்கிலத்தில் எழுதினர். கொழும்பின் கற்றோருக்காக எழுதினர். சம்மாந்துறை வயலில் நாற்று நட்டவரையும் மருதமுனைத் தறியில் இருந்தவரையும் ‘நீவிர் யார்?’ என்று கேட்டவர் இலர். தளங்களில் இல்லாதது உலகிலும் இல்லாதது என்று எண்ணும் பழக்கம், உழைக்கும் மக்களை இரண்டாம் முறையும் அழிப்பதாகும்.

1995 இல் அமெரிக்காவில் ‘ஜேஸ்டோர்’ என்னும் கட்டுரைத் தளம் பிறந்தது. அதே 1995 இல்தான் இக்கரையோரத்திலும் உயர்கல்விக்கு ஒரு கல்லூரி எழுந்தது, மறு ஆண்டு அது தென்கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று, ஒலுவிலில் நிலைகொண்டது. கடல் கடந்த ஏடுகள் இன்று அங்குள்ள மேசைக்கு வரக்கூடும். எனினும் பல தளங்கள் சந்தா செலுத்திய நூலகத்துக்கே முழுக் கட்டுரையையும் திறக்கின்றன. நம் வாழ்வைப் பற்றிய அறிவை நாமே விலைகொடுத்து வாங்க வேண்டியிருப்பதை என்னென்பது!

இதற்கு மாற்று வழியையும் நம்மவர் காட்டியிருக்கின்றனர். 2005 இல் தன்னார்வலர் தொடங்கிய ‘நூலகம்’ என்னும் மின்னூலகம், ஈழத்துத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் எவரும் கட்டணமின்றிப் படிக்கத் தருகிறது. அங்கே ‘சோனகர்’, ‘முஸ்லிம்’, ‘மட்டக்களப்பு’ ஆகிய எல்லாச் சொற்களாலும் தேடிப் பார்க்கலாம்.

ஆசிரியர்களே, மாணவருக்கு விசைகளை மட்டும் காட்டி நிறுத்திவிடாதீர்கள். இச்சொல்லை இட்டவர் யார், எக்காலத்தில், எந்நோக்கில் என்று வினவக் கற்பியுங்கள். மாணவர்களே, உங்கள் பாட்டியின் சீதன வீட்டைப் பற்றி அயலார் எழுதியதைத் தேடிப் படியுங்கள். பிறகு பாட்டியையே கேட்டு, தமிழில் எழுதி, எவரும் காணத்தக்க இடத்தில் வையுங்கள். நாளை தேடப்போகும் ஒருவருக்கு வாதமும் மறுப்பும் ஒருங்கே கிடைக்கட்டும்.