பானகமும் பஞ்சும்

கத்தரி வெயிலில் புதுச்சேரிக்குப் போகிறவனைப் புத்திசாலி என்று யாரும் சொல்லமாட்டார்கள். நான் போனேன். முத்தியால்பேட்டையில் என் சிநேகிதர் வீட்டில் விருந்து. அவருடைய மூத்த மகன் பாரிஸிலிருந்து மனைவி மக்களோடு வந்திருந்தான். உற்றார் உறவினர் நாற்பது பேர் கூடியிருந்தார்கள். கடற்காற்றோ அன்று விடுமுறை எடுத்துக்கொண்டுவிட்டது.

கூடத்தின் நடுவில் மேஜைமேல் ஒரு கண்ணாடிக் கிண்ணம். கிண்ணம் என்று சொல்லுவது அதற்கு மரியாதைக் குறைவு. ஒரு கைக்குழந்தையைத் தாராளமாக அதில் குளிப்பாட்டலாம். அன்னாசித் துண்டுகளும் ஆரஞ்சுச் சுளைகளும் எலுமிச்சை வில்லைகளும் அதற்குள் மிதந்துகொண்டிருந்தன. பாரிஸ் பிள்ளை அகப்பையால் மொண்டு மொண்டு எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தான். என் சிநேகிதரின் அத்தை, தொண்ணூறை நெருங்குகிறவர், ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தார். அவரிடமும் ஒரு கண்ணாடித் தம்ளர் நீட்டப்பட்டது.

"என்னடா இது?"

"பொன்ஷ், ஆயா. இங்கிலீஷில் பஞ்ச் என்பார்கள்."

"பஞ்சோ பருத்தியோ, அதில் சாராயம் இருக்கிறதா இல்லையா, அதைச் சொல்லு."

"ஒரு சொட்டுக்கூட இல்லை, ஆயா. வெறும் பழரசம்."

"பொன்ஷ் என்றால் சாராயம் இல்லாமலா? புதுச்சேரியில் பிறந்து வளர்ந்தவளுக்கா கதை சொல்கிறாய்? வெள்ளைக்காரன் சரக்கு எனக்கு வேண்டாம். பானகம் இருந்தால் கொண்டு வா."

தம்ளர் திரும்பிப் போய்விட்டது. எனக்கு அந்த அம்மாளின் சந்தேகம் நியாயமாகவே பட்டது. சென்னை ராஜதானி முழுவதும் 1948ல் மதுவிலக்கு வந்தபோது, எல்லைக்கு இந்தப் பக்கம் புதுச்சேரியில் கடைகள் திறந்தே இருந்தன. தாகம் தாங்காத கனவான்கள் பலர் அந்த நாளில் புதுச்சேரியில் ஏதோ அவசர ஜோலி இருப்பதாகச் சொல்லிக்கொண்டு பஸ் ஏறினார்கள். அந்தக் காலத்தைப் பார்த்தவர் சற்று எச்சரிக்கையாக இருப்பதில் தப்பென்ன?

ஆனால் அவர் சொன்னதில் ஒரு வார்த்தை மட்டும் என் மனத்தில் தைத்துக்கொண்டது. "வெள்ளைக்காரன் சரக்கு" என்றாரே, அது. சரித்திரத்தில் எனக்கு இருக்கும் ஞானம் கல்லூரியில் இரண்டு வருஷம் பெஞ்சு தேய்த்ததோடு சரி. ஆனாலும் பழைய யாத்திரைக்காரர்களின் புஸ்தகங்களைப் புரட்டுகிற பைத்தியம் எனக்கு உண்டு. அந்தப் பைத்தியத்தின் பலனைக் கொஞ்சம் சொல்லுகிறேன்.

பஞ்ச் என்ற பானத்தின் பெயர் காகிதத்தில் ஏறிய மிகப் பழைய இடங்களில் ஒன்று நம்முடைய சோழமண்டலக் கடற்கரைதான். 1632ல் இங்கிலீஷ் கம்பெனி உத்தியோகத்திலிருந்த ராபர்ட் ஆடம்ஸ் என்பவர் பேட்டப்பொலியில் இருந்த தம் சகாவுக்கு எழுதிய கடிதத்தில் அந்த வார்த்தை வருகிறது. பேட்டப்பொலி என்பது இன்றைக்கு ஆந்திர தேசத்திலுள்ள நிஜாம்பட்டினம். இங்கிலீஷ்காரர்கள் 1611லேயே அங்கே கிடங்கு போட்டு வியாபாரம் செய்தார்கள். கப்பலில் கொண்டுவந்த பீர் வெப்பத்தில் புளித்துப்போகும். ஒயினோ விலை அதிகம். உள்ளூர்ப் பட்டைச் சாராயம் மலிவு. அதைத் தனியாக விழுங்கத் தொண்டை இடம் கொடுக்கவில்லை போலிருக்கிறது. எலுமிச்சை பிழிந்து, சர்க்கரை போட்டு, தண்ணீர் விட்டு, வாசனைக்குக் கொஞ்சம் ஜாதிக்காய் சுரண்டிப் போட்டுக் குடித்தார்கள்.

1670களில் இந்தியாவில் வைத்தியராக இருந்த ஜான் ஃபிரையர் என்ற இங்கிலீஷ்காரர் இந்தப் பெயருக்கு அர்த்தமும் சொல்லிவிட்டார். 1698ல் அச்சான அவருடைய புஸ்தகத்தில், 'பஞ்ச்' என்றால் இந்துஸ்தானியில் ஐந்து, ஐந்து சரக்கு சேருவதால் அந்தப் பெயர் என்று இருக்கிறது. பஞ்சபாத்திரம், பஞ்சாங்கம், பஞ்சாமிர்தம் என்றெல்லாம் தினம் சொல்லுகிற நமக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஆனால் பாஷா பண்டிதர்கள் லேசில் விடுவார்களா? அந்தக் காலத்து இங்கிலீஷ் உச்சரிப்போடு இது ஒட்டவில்லை. கப்பலில் சாராயம் வைக்கும் 'பஞ்சன்' என்ற பெரிய பீப்பாயிலிருந்து வந்த பெயராகவும் இருக்கலாம் என்று சிலர் வாதிக்கிறார்கள். வாதிக்கட்டும். என் ஓட்டு ஃபிரையருக்கு. பீப்பாயின் பெயரைப் பானத்துக்கு வைப்பவன், குடத்தின் பெயரை மோருக்கு வைக்கமாட்டானா?

பிரெஞ்சுக்காரர்கள் இதைக் கேட்டு எழுதிக்கொண்ட விதம் வேடிக்கையானது. 1653ல் வெளியான தம் யாத்திரைப் புஸ்தகத்தில் லா பூலே-ல-கூஸ் என்ற பிரபு இதை 'போல்பொன்ஷ்' என்று எழுதினார். மொகலாய தேசத்தில் வைத்தியராக இருந்த பெர்னியே 'பூல்பொன்ஷ்' என்றார். இரண்டும் இங்கிலீஷ்காரன் வாயில் வந்த 'பஞ்ச் கிண்ணம்'தான். கிண்ணத்தையும் சேர்த்து ஒரே வார்த்தையாக விழுங்கிவிட்டார்கள். பிரபு சொல்லும் பக்குவத்தில் வறுத்த பிஸ்கோத்துகூட உண்டு. பெர்னியே வைத்தியரல்லவா? குடிக்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் உடம்பைக் கெடுத்துவிடும் என்று எச்சரித்திருக்கிறார். கப்பல்காரர்கள் தங்கள் மாலுமிகளை இதிலிருந்து விலக்கி வைத்த பிறகு வங்காளத்தில் நோய் குறைந்தது என்பது அவர் கண்டது.

இதில் கவனிக்கவேண்டிய விஷயம் ஒன்று உண்டு. பிரான்சுவா மார்த்தேன் புதுச்சேரியில் குடியேறியது 1674ல். அதற்கு முன்பே பிரெஞ்சுப் புஸ்தகத்தில் பொன்ஷ் ஏறிவிட்டது. அதாவது, புதுச்சேரிக்குப் பிரெஞ்சுக்காரன் வருமுன்பே அவனுடைய பாஷைக்கு இந்தியாவிலிருந்து பொன்ஷ் போய்ச் சேர்ந்துவிட்டது.

இப்போது கணக்கைப் பாருங்கள். சாராயம், சர்க்கரை, எலுமிச்சை, தண்ணீர், வாசனைச் சரக்கு: ஐந்து. முதலாவதைக் கழித்துவிடுங்கள். வெல்லம், எலுமிச்சை, தண்ணீர், சுக்கு, ஏலக்காய். ஸ்ரீராம நவமிக்குக் கோயில் வாசலில் மொண்டு மொண்டு ஊற்றுகிறார்களே, அதுதான்! வெள்ளைக்காரன் நம்முடைய பானகத்தைப் பார்த்துத்தான் பஞ்சைச் செய்தான் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். இந்த வெயிலில் எந்த மனிதனுக்கும் புளிப்பும் இனிப்பும் காரமும் தண்ணீரும் கேட்கத்தான் தோன்றும். ஆனால் அவன் எலுமிச்சை பிழிந்த அதே கடற்கரையில், பக்கத்துத் தெருவில், ஒரு பாட்டி பானகம் கரைத்துக்கொண்டுதான் இருந்திருப்பாள்.

சில்லென்று இருந்ததா என்று கேட்காதீர்கள். அந்தக் காலத்துப் பஞ்சுக்கு ஐஸ் ஏது? பாஸ்டனிலிருந்து ஏரிப் பனிக்கட்டியைக் கப்பலில் ஏற்றி 1833ல் கல்கத்தாவில் இறக்கினார்கள். சென்னைக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் எழுந்தது 1842ல். பிற்பாடு சுவாமி விவேகானந்தர் தங்கி, இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கும் கட்டிடம் அதுவே. அதற்கு முன்பு மண் கூஜாதான் கதி.

தண்ணீரைப் பற்றியும் சொல்லவேண்டும். புதுச்சேரிப் பூங்காவின் நடுவில் வெள்ளை வெளேரென்று ஆயி மண்டபம் நிற்கிறது. ஆயி ஒரு தாசி. அவளுடைய வீட்டில் தீபம் ஜொலிப்பதைக் கண்ட கிருஷ்ணதேவராயர் கோயில் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டாராம். உண்மை தெரிந்ததும் வீட்டை இடிக்கக் கட்டளை பிறந்தது. "நானே இடித்துவிடுகிறேன்" என்று அவகாசம் கேட்ட ஆயி, வீட்டை இடித்துவிட்டு அங்கே குளம் வெட்டினாள் என்பது கதை. பல தலைமுறை கழித்து, முத்திரையர்பாளையத்து நீர் புதுச்சேரி நகரத்துக்குள் கொண்டுவரப்பட்டது. அதன் நினைவாக எழுந்ததுதான் இந்த மண்டபம். கட்டியது பிரெஞ்சுச் சக்கரவர்த்தி மூன்றாம் நெப்போலியன் காலத்தில். ஒரு தாசியின் தர்மத்துக்குச் சக்கரவர்த்தி ஆட்சியில் மண்டபம்! புதுச்சேரிக்காரர்கள் இதைச் சொல்லிப் பெருமைப்படுவார்கள், படவேண்டியதுதான்.

ஆனால் அதே சக்கரவர்த்தியின் காலத்தில் இதே கடற்கரையில் இன்னொரு காரியமும் நடந்தது. அதற்கு மண்டபம் கட்டியதாக நான் பார்க்கவில்லை.

பஞ்சின் ஐந்து சரக்கில் சர்க்கரை இருக்கிறதே, அது பெரிய ஊர்சுற்றி. நம் தேசத்துக் கரும்பு அராபியர் கையில் மத்தியதரைக் கடலுக்குப் போய், அங்கிருந்து அட்லாண்டிக் தீவுகளுக்குப் போய், 1493ல் கொலம்பஸின் இரண்டாவது யாத்திரையில் அமெரிக்கத் தீவுகளை அடைந்தது. அதே யாத்திரையில் கொலம்பஸ் குவாதலூப் என்ற தீவில் இறங்கி ஒரு முள்முடிப் பழத்தைத் தின்று பார்த்தார். அன்னாசி! பின்பு போர்ச்சுக்கீசியர் அதை இங்கே கொண்டுவந்தார்கள். கரும்பு அங்கே போயிற்று, அன்னாசி இங்கே வந்தது.

கரும்பை வெட்ட ஆள் வேண்டுமே? ஆப்பிரிக்க அடிமைகள் வெட்டினார்கள். 1848ல் பிரான்ஸ் அடிமைத்தனத்தை ஒழித்தது. விடுதலை பெற்றவர்களில் பலர் பழைய எஜமானனின் தோட்டத்துக்குத் திரும்ப மறுத்தார்கள். எஜமானர்களின் கண் நம் பக்கம் திரும்பியது. 1853ல் 'ஒரேலி' என்ற கப்பல் நம்மவர்களை ஏற்றிக்கொண்டு மர்த்தினீக் தீவை அடைந்தது. 1854 கிறிஸ்துமஸ் சமயத்தில் அதே கப்பல் குவாதலூப்பை அடைந்தது. பிறகு கப்பலுக்குப் பின் கப்பல். புதுச்சேரியிலும் காரைக்காலிலும் ஏற்றினார்கள். 1861ல் இங்கிலீஷ்காரரோடு உடன்படிக்கை ஆனபின் பிரிட்டிஷ் இந்தியத் துறைமுகங்களிலும் ஏற்றினார்கள். 1888ல் பிரிட்டிஷ் சர்க்கார் இதை நிறுத்துவதற்குள் மர்த்தினீக்குக்குச் சுமார் 25,000 பேரும் குவாதலூப்புக்குச் சுமார் 42,000 பேரும் போய்விட்டார்கள். பாதிப் பேர்கூடத் திரும்பவில்லை. ஒப்பந்தம் எத்தனை வருஷத்துக்குத் தெரியுமா? ஐந்து வருஷம். ஃபிரையரின் 'பஞ்ச்' இங்கேயும் வந்துவிட்டது.

அந்தத் தீவுகளில் கரும்பிலிருந்து ரம் இறக்குகிறார்கள். ரம், எலுமிச்சை, கரும்புப் பாகு சேர்ந்தால் 'தி பொன்ஷ்', அதாவது குட்டிப் பஞ்ச். பழரசத்தோடு சேர்ந்தால் 'பிளாந்தர்', தோட்டத்துரையின் பஞ்ச். துரையின் பெயர் பானத்தில் இருக்கிறது. கரும்பு வெட்டியவன் பெயர் இல்லை. ஆனால் அவன் மாரியம்மனை மறக்கவில்லை. இன்றும் அங்கே மாரியம்மன் கோயில்கள் இருக்கின்றன. குவாதலூப்பில் பிறந்த ஹென்றி சிதம்பரம் என்பவர் 1904ல் தொடங்கி வருஷக்கணக்காக வாதாடி, 1923ல் அங்குள்ள இந்திய வம்சத்தாருக்குப் பிரெஞ்சுக் குடியுரிமையை நிலைநாட்டினார். சிதம்பரம் என்ற பெயரைக் கடலுக்கு அந்தப் பக்கம் அப்படியே வைத்துக்கொண்டிருந்தார், பாருங்கள்.

ஊஞ்சலுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு இதையெல்லாம் நான் சிநேகிதரிடம் அளந்துகொண்டிருந்தேன். அப்போது பாரிஸ் பிள்ளை, "எனக்கு இந்தப் பொன்ஷ் பண்ணச் சொல்லிக்கொடுத்ததே எங்கள் அடுத்த வீட்டுக் குவாதலூப்காரர்தான், மாமா. ரம்மை மட்டும் நான் விட்டுவிட்டேன்" என்றான்.

ஊஞ்சல் நின்றது.

"எந்த ஊர் என்றாய்?"

"குவாதலூப், ஆயா."

"எங்கள் ஆயாவுக்கு ஒரு சித்தப்பா. பஞ்சத்திலே தறி நின்றுபோய்க் கப்பலேறினவர். சீனிக் காட்டுக்குப் போகிறேன், ஐந்து வருஷத்தில் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனாராம். அந்த ஊர் பேர்தான் சொல்லுவார்கள். ஒரு கடுதாசி இல்லை. எங்கள் ஆயா சாகிற வரைக்கும், ஆடி மாசம் கூழ் ஊற்றும்போதெல்லாம் அவருக்கென்று ஒரு செம்பு எடுத்து வைப்பாள்." கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "அந்த அடுத்த வீட்டுக்காரன் கறுப்பா, மாநிறமா?" என்று கேட்டார்.

"நம்மைப்போல்தான் இருப்பார், ஆயா. பெயர் மட்டும் பிரெஞ்சுப் பெயர்."

அந்த அம்மாள் ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளை சமையலறைக்குள் போனான். அவன் செய்ததை நானும் கூடப் போய்ப் பார்த்தேன். வீட்டில் செய்துபார்க்க விரும்புகிறவர்களுக்கு அளவையும் சொல்லிவிடுகிறேன். 20 பேருக்கு 4 லிட்டர் தண்ணீரில் அரைக் கிலோவுக்குச் சற்று அதிகமாக வெல்லத்தைக் கரைத்து வடிகட்டவேண்டும். நன்றாகப் பழுத்த அன்னாசி ஒன்று, சாத்துக்குடி எட்டு, எலுமிச்சை பத்து: இவற்றின் ரசம். சுக்குப் பொடி இரண்டு தேக்கரண்டி, தட்டிய ஏலக்காய் பன்னிரண்டு, ஒரு சிட்டிகை உப்பு. ஐஸை உள்ளே போட்டால் நீர்த்துவிடும். பாத்திரத்தை ஐஸ்மேல் வைப்பதே உத்தமம்.

கண்ணாடித் தம்ளரை விட்டுவிட்டு, பித்தளைச் செம்பில் ஊற்றிக் கொண்டுவந்து நீட்டினான். அத்தையம்மாள் செம்பை இரண்டு கையாலும் வாங்கி, முதலில் மோந்து பார்த்தார். பிறகு அண்ணாந்து, உதட்டில் படாமல், நிதானமாகக் குடித்தார். பாதியில் நிறுத்திவிட்டுப் பிள்ளையைப் பார்த்தார்.

"சுக்குப் போதவில்லை" என்றார். "அவனுக்கும் சொல்லு."