வில்வண்டி முதல் மாருதி வரை: ஸ்பிரிங்கைக் கழற்றும் சாமான்களின் கதை



என்னிடம் படித்த தம்பி ஒருவர் பழைய கார் வாங்கி ஓட்டுகிறார். "சார், முன்பக்க ஸ்பிரிங் உடைஞ்சு போச்சு. வீடியோ பார்த்து நானே மாத்திடலாம்னு இருக்கேன். என்ன டூல்ஸ் வாங்கணும்?" என்று போனில் கேட்டார். வாத்தியாரிடம் கேட்டால் பதில் சரித்திரத்தில் இருந்துதான் தொடங்கும். ஆனால் இந்தக் கேள்விக்குச் சரித்திரம் நிஜமாகவே தேவைப்படுகிறது.

பாரம் ஏற்றும் மாட்டுவண்டிக்கு ஸ்பிரிங் கிடையாது. அச்சின் மேலேயே சட்டம் உட்கார்ந்திருக்கும். ஆள் ஏறிப்போகும் வில்வண்டிக்குத்தான் நடுவே வளைந்த எஃகுப் பட்டைகள். பெயரிலேயே வில் இருக்கிறது, பாருங்கள். இந்தப் பட்டை வில்லைக் குதிரைக் கோச்சுக்குப் பொருத்தி, 1804-இல் காப்புரிமை பெற்றவர் லண்டனைச் சேர்ந்த ஒபதையா எலியட். அதற்கு வெகுகாலம் முன்பே, 1678-இல், ஸ்பிரிங் எவ்வளவு நீள்கிறதோ அந்த அளவுக்கு அதன் விசையும் கூடும் என்று ராபர்ட் ஹூக் எழுதிவிட்டார். பள்ளியில் படித்த ஹூக் விதிதான். அதைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

மோட்டார் வந்த பிறகும் நம் பக்கம் ஆட்சி செய்தது பட்டைதான். ஏலத்தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு விடிவதற்குள் குமுளிக்கும் கம்பம்மெட்டுக்கும் மலையேறிய பழைய ஜீப்புகளுக்கு நான்கு சக்கரத்திலும் பட்டை. அம்பாசிடருக்குப் பின்னால் பட்டை, முன்னால் முறுக்குக் கம்பி. லாரி, பஸ் பற்றிச் சொல்லவே வேண்டாம். லாரிப் பட்டை உடைந்தாலும் வீணாகாது, கொல்லர் உலைக்குப் போய் அரிவாளாகத் திரும்பி வரும். திருப்பாச்சேத்தி அரிவாளின் பேர் பாதி அந்த எஃகுக்குச் சேர வேண்டியது என்பேன்.

பட்டை மாற்ற என்ன வேண்டும்? ஜாக்கி, முட்டுக் கொடுக்கக் கனமான கட்டை, பெரிய ஸ்பேனர், சம்மட்டி, கடப்பாரை. துருப்பிடித்த யூ போல்ட்டுக்குக் கொஞ்சம் மண்ணெண்ணெய். சட்டத்தைத் தூக்கி முட்டுக் கொடுத்ததும் அச்சு கீழே தொங்கும், பட்டை தன் இயல்பான வளைவுக்குத் திரும்பிவிடும். அதில் இருந்த விசை பெரும்பாலும் அப்போதே போய்விட்டது. பட்டைக்கட்டின் நடு போல்ட்டைப் பிரிக்கும்போது மட்டும் பட்டைகள் விலகித் தெறிக்கும், அதற்குக் கிளாம்ப் போட்டுக்கொள்வார்கள். மற்றபடி பயம் எல்லாம் மேலே நிற்கிற வண்டியின் எடையில்தான். மரத்தடியில் வைத்தே வேலை முடிந்தது இதனால்தான்.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. அதன் முன்சக்கரங்களில் இருந்தது மெக்பெர்சன் ஸ்ட்ரட். 1940-களின் பிற்பகுதியில் அமெரிக்கப் பொறியாளர் எர்ல் மெக்பெர்சன் வடிவமைத்த ஏற்பாடு. ஷாக் அப்சார்பரைச் சுற்றிச் சுருள் ஸ்பிரிங்கை அமுக்கி வைத்து, மேலே ஒரே ஒரு நட்டால் பூட்டிவிடுவார்கள். இடம் மிச்சம், எடை குறைவு. இன்று ஓடும் சின்னக் கார்களில் பெரும்பாலானவற்றின் முன்பக்கம் இதுதான்.

தம்பி கேட்ட கேள்வியின் முடிச்சு இங்கேதான். ஸ்ட்ரட்டை வண்டியிலிருந்து கழற்றித் தரையில் போட்டாலும் ஸ்பிரிங் அமுங்கியேதான் இருக்கும். விசை எங்கேயும் போகவில்லை. ஹூக் சொன்ன கணக்கைப் போடுங்கள். ஒரு மில்லிமீட்டர் அமுக்க 2 கிலோ எடை வேண்டிய ஸ்பிரிங்கை 100 மில்லிமீட்டர் அமுக்கினால் 200 கிலோ, அதாவது நான்கு சிமெண்ட் மூட்டை. மேல் நட்டை அப்படியே கழற்றினால் அத்தனையும் ஒரே நொடியில் முகத்துக்கு நேரே வரும். பட்டைக் காலத்துத் துணிச்சல் இங்கே செல்லாது. கயிறு, கம்பி, சங்கிலி கட்டிச் சமாளிக்கும் யோசனையும் வேண்டாம்.

ஆகவே முதல் சாமான் ஸ்பிரிங் கம்ப்ரஸர். மரை போட்ட இரண்டு தண்டுகள், ஒவ்வொன்றிலும் இரண்டு கொக்கிகள். உங்கள் ஸ்பிரிங்கின் கம்பிப் பருமனுக்குக் கொக்கி சரியாகக் கவ்வுகிறதா, நழுவாமல் இருக்கப் பூட்டு ஊசி இருக்கிறதா, எவ்வளவு பாரம் தாங்கும் என்று பொறித்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மரைக்கு கிரீஸ் தடவி, எதிரெதிர்ப் பக்கங்களில் மாட்டி, இங்கே சில சுற்று, அங்கே சில சுற்று என்று கையால் முடுக்க வேண்டும். இம்பாக்ட் கன் கூடாது, மரை தேய்ந்து பிய்த்துக்கொள்ளும். ஸ்பிரிங் தளர்ந்து கையால் ஆடும் நிலைக்கு வந்த பிறகே மேல் நட். ஸ்ட்ரட்டின் நேர்கோட்டில் தலையை வைக்காதீர்கள். ஒரு பக்கம் உடைந்திருந்தாலும் இரண்டு பக்கமும் மாற்றுங்கள்.

அடுத்தது ஜாக் ஸ்டாண்ட், இரண்டு. காரோடு வருகிற ஜாக்கி ஸ்டெப்னி மாற்றத்தான், அதை நம்பி அடியில் போகக் கூடாது. போல்ட்டுகளைக் கையேட்டில் சொன்ன அளவுக்கு முடுக்க டார்க் ரெஞ்ச்.

என் யோசனை கேட்டால், பல வருடத்துக்கு ஒருமுறை வரும் வேலைக்கு மலிவான கம்ப்ரஸர் வாங்க வேண்டாம். அந்தக் காசை ஸ்டாண்டிலும் டார்க் ரெஞ்சிலும் போடுங்கள், அவை என்றைக்கும் உதவும். ஸ்ட்ரட்டை வீட்டில் முழுசாகக் கழற்றி, நிலையான கம்ப்ரஸர் இருக்கும் பட்டறைக்குக் கொண்டுபோய் ஸ்பிரிங்கை மட்டும் மாற்றி வாங்கி வந்து நீங்களே மாட்டலாம். மாட்டிய பிறகு வீல் அலைன்மென்ட் பார்த்தாக வேண்டும். அதற்கு எப்படியும் சுருளிப்பட்டியை விட்டுக் கம்பத்துக்கோ தேனிக்கோ போகத்தான் போகிறீர்கள்.