நீங்க ‘லெஃப்ட் பிரெய்ன்’ ஆளா? மூளையின் இடது, வலது வித்தியாசம் எங்கே தொடங்குகிறது?

‘கணக்குல புலின்னா லெஃப்ட் பிரெய்ன், கவிதை எழுதினா ரைட் பிரெய்ன்’ என்று ஆபீஸ் டிரெய்னிங்கில் கேட்டிருப்பீர்கள். 2013இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகம் 1,011 பேரின் மூளை ஸ்கேன்களை அலசியது. அப்படி ஒரு பக்கத்து ஆட்கள் இருப்பதற்கு ஆதாரம் சிக்கவில்லை.

அதுக்காக ரெண்டு பக்கமும் ஒரே அச்சு இல்லை. 1968இல் 100 மூளைகளை அளந்தபோது, மொழியோடு தொடர்புடைய ஒரு பகுதி 65 மூளைகளில் இடப்பக்கம் பெரிதாக இருந்தது. வலப்பக்கம் பெரிதாக இருந்தது 11இல்தான்.

இந்த வித்தியாசம் கருவிலேயே தொடங்குகிறது. 12 வாரக் கருவிலேயே சில மரபணுக்கள் ஒரு பக்கம் கூடுதலாக வேலை செய்கின்றன. பிறகு சில மடிப்புகள் வலப்பக்கத்தில் ஓரிரு வாரம் முந்தித் தோன்றுகின்றன.

மூளை வேகமாக வளரும் இந்தக் காலத்தை இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். சென்னை ஐஐடியின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024 டிசம்பரில் வெளியிட்ட ‘தரணி’, 14 முதல் 24 வாரம் வரையிலான கருக்களின் மூளையை 5,132 வெட்டுப்படங்களில் காட்டுகிறது.

கைப்பழக்கமும் பிறந்த பிறகு வருவதல்ல. கருவில் வலது கட்டைவிரல் சப்பிய 60 குழந்தைகளும் வலக்கைக்காரர்களாகவே வளர்ந்ததை 2005இல் வெளியான ஆய்வு காட்டியது. இடது விரல் சப்பிய 15 பேரில் 10 பேர் இடக்கைக்காரர்கள். ‘பீச்சாங்கையால எழுதாதே’ என்று குழந்தையை அதட்டும் முன் இதை யோசிக்கலாம்.